பைசா வாங்கினால் கேஸ் போய்விடுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. "சித்தப்பா எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு" என்று என் அண்ணன் மகள் இப்போதே சொல்லியிருப்பாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக வாசியுங்கள். கடைசியில் பரீட்சை கிடையாது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து வெளியே நாற்காலியில் இருந்தேன். பழைய மாணவன் ஒருவன் வந்து பக்கத்தில் இருந்தான். இப்போது ஆழ்கடல் விசைப்படகில் ஸ்ராங்கு. கரையை விட்டால் திரும்பி வரப் பல நாள் ஆகும். குடும்பம், பிள்ளைகள் எல்லாம் விசாரித்த பிறகு, சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், ஒன்பதாம் கிளாசுல நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. மறக்கக்கூடிய கேள்வி இல்லை அது.

2012 ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். அந்தக் கோடை முழுவதும் நம் கடற்கரையில் ஒரே பேச்சுதான். பிப்ரவரியில் கொல்லம் கடலில் இத்தாலிக் கப்பலில் இருந்து சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள் அல்லவா? ஏப்ரல் கடைசியில் அந்தக் குடும்பங்களுக்கு இத்தாலி ஆளுக்கு 1 கோடி ரூபாய் கொடுத்தது என்று பேப்பரில் வந்தது. ஆசிரியர் அறையில் நானே, "ஒரு கோடி கெடைச்சுதுல்லா, இனி என்ன?" என்று சொன்னேன். சொன்ன அரை மணி நேரத்தில் வகுப்பில் இவன் எழுந்து நின்று கேட்டான்: "சார், பைசா வாங்குனா கேசு போயிருமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "இரிடே, பாடத்தைப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு பிரெஞ்சுப் புரட்சிக்குப் போய்விட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு நடத்திய எனக்கு அந்த ஒரு கேள்வி பாக்கியாகவே நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் இருந்து வந்த பிறகு ஒரு மாதம் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அப்போது சின்னப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு முழுக்கதை தெரிந்திருக்காது.

2012 பிப்ரவரி 15, சாயங்காலம் நாலரை மணி வாக்கில். கேரளக் கரையில் இருந்து சுமார் 20.5 கடல் மைல் தூரம், நம் கணக்கில் 38 கிலோமீட்டர். செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகு. படகுக்காரர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அந்த வழியாக என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூரில் இருந்து எகிப்து நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சோமாலியக் கடற்கொள்ளையர் பயம் உச்சத்தில் இருந்த காலம். வணிகக் கப்பல்களில் கடற்படை வீரர்களைப் பாதுகாப்புக்கு ஏற்றலாம் என்று இத்தாலி 2011-இல் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதன்படி 6 வீரர்கள் கப்பலில் இருந்தார்கள்.

படகு கப்பலை நெருங்கி வந்தது, கொள்ளையர் என்று நினைத்து எச்சரிக்கையாகச் சுட்டோம் என்பது அவர்கள் கட்சி. நாங்கள் மீன்பிடித்துக் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தோம், எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்பது மீனவர் கட்சி. சுக்கான் பிடித்திருந்த கொல்லத்துக்காரர் ஒருவரும், நம் மாவட்டத்து இளைஞர் ஒருவரும் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து மாசிமிலியானோ லத்தோரே, சால்வத்தோரே ஜிரோனே என்ற இரண்டு வீரர்களைக் கேரள போலீஸ் கைது செய்தது.

இனி ஏப்ரலில் வந்த அந்த 1 கோடி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கருணைத் தொகை. இந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள், இந்தப் பதிவு முழுவதும் அதைச் சுற்றித்தான் வரப்போகிறது. கருணைத் தொகை என்றால், "நாங்கள் தப்பு செய்தோம் என்று ஒத்துக்கொள்ளவில்லை, உங்கள் நிலையைப் பார்த்து மனமிரங்கித் தருகிறோம்" என்று அர்த்தம். நஷ்டஈடு என்பது வேறு. அது, "உங்களுக்குச் சேர வேண்டியது, தர வேண்டிய கடமை எங்களுக்கு" என்று அர்த்தம். ரூபாய் நோட்டு ஒன்றுதான். ஆனால் முதலாவதைக் கொடுக்கிறவன் கொடையாளி ஆகிறான். இரண்டாவதைக் கொடுக்கிறவன் கடன்காரன்.

அந்த ஏப்ரல் ஒப்பந்தத்தில் குடும்பங்கள் தங்கள் வழக்குகளில் இருந்து விலகிக்கொள்வதும் சேர்ந்திருந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அதைக் கேட்டதும் கடுமையாக ஆட்சேபித்தார்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், வெளிநாட்டுப் படைவீரன் ஒருவன் அடுத்த நாட்டுக்காரனுக்குக் கேடு செய்தால் என்ன செய்வது என்று உலகம் இதுவரை எப்படி யோசித்து வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

நம் ஊரில் ஒரு லாரிக்காரன் மோதிவிட்டால் வழி தெரியும். போலீஸ் கேஸ் ஒரு பக்கம், விபத்து நஷ்டஈட்டு வழக்கு இன்னொரு பக்கம். ஆனால் சீருடை போட்டு, அரசு உத்தரவோடு வந்த வெளிநாட்டு வீரன் தனி மனிதன் இல்லை. அவன் செய்தது அவன் அரசாங்கம் செய்தது மாதிரி. ஒரு நாட்டின் அரசை இன்னொரு நாட்டு நீதிமன்றம் கூண்டில் ஏற்ற முடியாது என்பது பழைய விதி. அதனால் பாதிக்கப்பட்டவனுக்கு உள்ளூர்க் கோர்ட்டும் கதவைத் திறக்காது, அந்த நாட்டுக் கோர்ட்டுக்குப் போக வசதியும் இருக்காது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்கா ஒரு வழி கண்டுபிடித்தது. 1942 ஜனவரி 2-ஆம் தேதி, பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வெளிநாட்டவர் கோரிக்கைச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். அவர்கள் படை அப்போதே ஐஸ்லாந்தில் இறங்கியிருந்தது. படை போன இடத்தில் ஜீப் மோதும், வேலி இடியும், ஆடு சாகும். உள்ளூர்க்காரன் வெறுத்துவிட்டால் படை அங்கே இருக்க முடியாது. அதனால் ராணுவ அதிகாரிகளே விசாரித்து, முதலில் 1,000 டாலர் வரை, அங்கேயே கொடுத்துவிடலாம் என்றார்கள். நட்புறவை வளர்ப்பதும் காப்பதும்தான் நோக்கம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இன்றும் அந்தச் சட்டம் இருக்கிறது, உச்சவரம்பு 1 லட்சம் டாலர். ஆனால் ஒரு விலக்கும் உண்டு. போர்ச் செயலில் ஏற்பட்ட சேதத்துக்கு இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு காசும் கிடையாது.

அடுத்து 1951-இல், நேட்டோ நாடுகள் லண்டனில் ஒரு ஒப்பந்தம் போட்டன. ஒருவர் படை மற்றவர் மண்ணில் இருக்கும்போது என்ன விதி என்பது அதில் உண்டு. ஏழாவது பிரிவு குற்றம் பற்றியது: பணியில் இருக்கும்போது செய்த செயல் என்றால், விசாரிக்கும் முதல் உரிமை படையை அனுப்பிய நாட்டுக்கு. எட்டாவது பிரிவு பணம் பற்றியது: பாதிக்கப்பட்டவனுக்கு உள்ளூர் அரசு தன் சட்டப்படி நஷ்டஈடு கொடுக்கும், பிறகு படையை அனுப்பிய நாடு அதில் 75 சதவீதத்தைத் திருப்பித் தரும்.

நன்றாகப் பாருங்கள், மக்களே. ஒரே ஒப்பந்தத்தில் குற்றத்துக்கு ஒரு வாசல், பணத்துக்கு ஒரு வாசல். பணம் பாதிக்கப்பட்டவன் வீட்டுக்கு வருகிறது. வழக்கு வீரனோடு கப்பலேறி அவன் ஊருக்குப் போகிறது. இது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். இதில் பாதிக்கப்பட்ட நாடு எது தெரியுமா? அதே இத்தாலி.

1998 பிப்ரவரி 3. வட இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையில் காவலேசே என்ற ஊர். பனிச்சறுக்குக்கு வருகிறவர்களை மலைமேல் ஏற்றி இறக்கக் கம்பிவட ரயில், நம் பழனியில் இருக்கும் ரோப் கார் மாதிரி. அவியானோ விமானத் தளத்தில் இருந்து பயிற்சிக்குக் கிளம்பிய அமெரிக்கப் போர் விமானம் ஒன்று பள்ளத்தாக்கில் தாழப் பறந்து வந்தது. இத்தாலிய விதிப்படி 2,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது. அந்த விமானம் பறந்தது 400 அடிக்கும் கீழே. இறக்கை பட்டுக் கம்பிவடம் அறுந்தது. இறங்கிக்கொண்டிருந்த பெட்டி தரையில் விழுந்து, உள்ளே இருந்த 20 பேரும் இறந்தார்கள். ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி, போலந்து, ஆஸ்திரியா, நெதர்லாந்து என்று ஆறு நாட்டு மக்கள். விமானம் அடிபட்டாலும் தளத்துக்குப் பத்திரமாகத் திரும்பிவிட்டது.

இத்தாலிய அரசு வழக்கறிஞர்கள் வீரர்களை இத்தாலியில் விசாரிக்கக் கேட்டார்கள். லண்டன் ஒப்பந்தத்தின்படி முடியாது என்று இத்தாலிய நீதிமன்றமே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து ராணுவ முகாமில் வழக்கு நடந்தது. கம்பிவடம் வரைபடத்தில் குறிக்கப்படவில்லை என்று வாதாடினார்கள். 1999 மார்ச்சில், 20 பேர் மரணத்துக்கு விமானி குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தது. இத்தாலி முழுக்கக் கொதித்தது. அந்தப் பயணத்தில் விமானத்துக்குள் எடுத்த வீடியோ நாடாவை அழித்ததற்காகத்தான் பிறகு விமானிக்கு 6 மாதச் சிறையும், விமானிக்கும் வழிகாட்டி அதிகாரிக்கும் வேலை நீக்கமும் கிடைத்தன. மரணத்துக்குத் தண்டனை இல்லை, நாடாவை அழித்ததற்குத் தண்டனை.

பணம்? 4 கோடி டாலர் ஒதுக்கும் யோசனையை அமெரிக்க நாடாளுமன்றம் 1999 மே மாதம் நிராகரித்தது. டிசம்பரில் இத்தாலிய நாடாளுமன்றம் தானே ஒரு சட்டம் போட்டு, இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் சுமார் 19 லட்சம் டாலர் கொடுத்தது. அன்றைய மதிப்பில் எட்டுக் கோடி ரூபாய் வரும். ஒப்பந்தப்படி அதில் 75 சதவீதத்தை அமெரிக்கா கட்டியது.

இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்ததும் உண்டு. 1957 ஜனவரி 30, ஜப்பானில் குன்மா மாகாணத்தில் அமெரிக்கப் படையின் சுடும் பயிற்சித் திடல். சுட்டுக் கிடக்கும் பித்தளைத் தோட்டா உறைகளைப் பொறுக்கி விற்க ஏழை ஜனங்கள் அங்கே வருவார்கள். 46 வயதுப் பெண் ஒருவர், ஆறு பிள்ளைகளின் தாய், அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, காவலில் இருந்த ஜிரார்டு என்ற வீரன் துப்பாக்கியில் வெற்று உறையை வைத்து அவரை நோக்கிச் சுட்டான். அவர் இறந்துவிட்டார். ஜப்பான் விடவில்லை. நாங்கள்தான் விசாரிப்போம் என்று நின்றது. அமெரிக்காவில் பெரிய எதிர்ப்பு. வழக்கு அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், ஜப்பானிடம் ஒப்படைக்கத் தடையில்லை என்று தீர்ப்பானது. ஜப்பானிய நீதிமன்றம் அவனுக்கு 3 வருடத் தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது. அதாவது அவன் ஜெயிலுக்குப் போகவில்லை. குடும்பத்துக்கு அமெரிக்க ராணுவம் கொடுத்தது 1,748 டாலர் 32 சென்ட். அந்த 32 சென்டை எழுதும்போது என் கை கொஞ்சம் நின்றது.

தண்டனை சின்னதுதான். ஆனாலும் அந்தப் பெண்ணின் ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில், தங்கள் நீதிமன்றத்தில், என்ன நடந்தது என்று சாட்சி சொல்லக் கேட்டார்கள். காவலேசே குடும்பங்களுக்கு எட்டுக் கோடி கிடைத்தும் அது கிடைக்கவில்லை.

இப்போது போர்க்களத்துக்கு வாருங்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின் போர் விலக்கு குறுக்கே நின்றது. அதனால் இரங்கல் தொகை என்று இன்னொன்றைக் கொடுத்தார்கள். இதுவும் கருணைத் தொகையின் தம்பிதான், தப்பை ஒத்துக்கொள்வது இல்லை. ஈராக்கில் ஒரு மரணத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 2,500 டாலர், அன்றைக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். 2015-இல் ஆப்கானிஸ்தானத்துக் குந்தூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை மீது குண்டு வீசி 42 பேர் இறந்தபோது, ஓர் உயிருக்கு 6,000 டாலர். ஒரே நாட்டின் விமானங்கள்தான். இத்தாலிய மலையில் 19 லட்சம், குந்தூஸில் 6 ஆயிரம். உயிரின் விலை இறந்தவர் யார் என்பதைப் பொறுத்து இல்லை. அவர் அரசு எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது, எவ்வளவு பலத்தோடு பேச முடியும் என்பதைப் பொறுத்து இருக்கிறது.

அமெரிக்க ராணுவத்துக்கு ஈராக்கியர் கொடுத்த கோரிக்கை மனுக்களில் ஒரு கட்டு 2007-இல் வெளியே வந்தது. குடிமை உரிமைச் சங்கம் ஒன்று வழக்குப் போட்டு வாங்கியது. அதில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒரு சிறுவனின் புத்தகப்பையை வெடிகுண்டுப் பை என்று நினைத்துச் சுட்டார்கள். அவனுடைய மாமாவுக்கு 500 டாலர் கொடுத்தார்கள். பிள்ளைகள் தோளில் பையைப் போட்டுக்கொண்டு வருவதையே வாழ்நாள் முழுக்கப் பார்த்தவன் நான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை.

இன்னொன்று திக்ரித் பக்கம் ஆற்றில் மீன்பிடித்த ஒருவர் கதை. மேலே ஹெலிகாப்டர் வட்டமிடுகிறது. தாங்கள் மீனவர்கள்தான் என்று காட்ட, பிடித்த மீனைத் தூக்கிக் காட்டி "மீன், மீன்" என்று கத்தியிருக்கிறார்கள். எஞ்சினை நிறுத்தக் குனிந்தவரைச் சுட்டுவிட்டார்கள். அவர் மரணம் போர்ச் செயல், அதற்குப் பணம் இல்லை என்று ராணுவம் மனுவைத் தள்ளியது. ஆனால் ஆளில்லாமல் மிதந்து போய்த் திருட்டுப் போன படகு, வலை, செல்போன் மூன்றுக்குமாக 3,500 டாலர் கொடுத்தது. படகுக்கு உண்டு, படகில் இருந்தவனுக்கு இல்லை.

இத்தனையும் படித்த பிறகு கொல்லத்துக்குத் திரும்பி வருகிறேன்.

இந்தியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவில் லண்டன் ஒப்பந்தம் மாதிரி எதுவும் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் முதலில் இருந்து சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. நடந்த இடம் 12 கடல் மைல் எல்லைக்கு வெளியே என்பதால் கேரளாவுக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு, ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறோம் என்று போன இரண்டு வீரர்களையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது இத்தாலி. உறுதிமொழி கொடுத்திருந்த இத்தாலியத் தூதர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. மார்ச் 22-ஆம் தேதி வீரர்கள் திரும்பி வந்தார்கள். பின்னர் ஒருவர் உடல்நலக் காரணத்தால் 2014-லும், மற்றவர் 2016-லும் இத்தாலிக்குப் போனார்கள். விவகாரம் ஹேக் நகரத்து நடுவர் மன்றத்துக்குப் போனது.

2020-இல் நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் இரண்டு பகுதி. ஒன்று, அந்த வீரர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள், அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது. ஐந்து பேரில் மூன்று பேர் இப்படிச் சொன்னார்கள். இரண்டு, இந்தியப் படகு கடலில் சுதந்திரமாகப் போகும் உரிமையை இத்தாலி மீறியது, உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் படகுச் சேதத்துக்கும் மன வேதனைக்கும் இந்தியாவுக்கு நஷ்டஈடு பெறும் உரிமை உண்டு.

மறுபடியும் அதே இரண்டு வாசல்தான். 1998-இல் தன் மண்ணில் செத்தவர்களுக்காக எந்த விதியை நொந்து இத்தாலி கொதித்ததோ, கிட்டத்தட்ட அதே விதியைத் தன் வீரர்களுக்காக 2020-இல் வாங்கிக்கொண்டு போனது. இத்தாலியை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், நம் அமைதிப்படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக அங்குள்ளவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உள்ளே இருந்து சுட்டார்கள் என்பது படையின் பதில். அதற்காக எந்த வீரரும் எந்த நீதிமன்றத்திலும் நின்றது இல்லை. எந்த நாடும் பாதிக்கப்படும்போது ஒரு நியாயம் பேசுகிறது, தன் வீரன் என்றால் வேறொரு நியாயம் பேசுகிறது. வரலாற்று வாத்தியாராக இருந்துகொண்டு நம் பக்கத்தை மறைத்துவிட்டு எழுதினால், அது வரலாறு ஆகாது.

நஷ்டஈடு 10 கோடி ரூபாய் என்று இரு அரசுகளும் பேசி முடிவு செய்தன. 2021 ஜூன் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்று வழக்கை முடித்தது. இறந்த இருவர் வாரிசுகளுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2012-இல் கருணைத் தொகையாக வந்திருந்த 2 கோடியே 17 லட்சம் இதில் கழிக்கப்படவில்லை. அது தனி, இது தனி. ரோமில் நடந்த விசாரணையும் 2022 ஜனவரியில் வழக்கில்லை என்று மூடப்பட்டது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். பைசா வாங்கினால் கேஸ் போய்விடுமா?

சட்டப்படி பதில்: போகாது. நம் நாட்டில் கொலை வழக்கைக் குடும்பம் சமாதானம் பேசி முடிக்க முடியாது. அந்த வழக்கு குடும்பத்துடையது இல்லை, அரசுடையது. 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆட்சேபித்ததற்குக் காரணம் இதுதான். 2021-இல் வழக்கு முடிந்ததும் குடும்பங்கள் பணம் வாங்கியதால் இல்லை. விசாரிக்கும் அதிகாரம் இந்தியாவுக்கு இல்லை என்று நடுவர் மன்றம் சொல்லி, அதை நம் அரசு ஏற்று, உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவில் தனக்குள்ள தனி அதிகாரத்தைக் கொண்டு முடித்துவைத்தது. குடும்பங்கள் அந்த 1 கோடியை வேண்டாம் என்று தள்ளியிருந்தாலும் வழக்கு இதே இடத்தில்தான் வந்து நின்றிருக்கும்.

ஆகவே, "ஒரு கோடி கெடைச்சுதுல்லா, இனி என்ன?" என்று நான் ஆசிரியர் அறையில் சொன்னது இரண்டு விதத்தில் தப்பு. பணம் வாங்கினவர்கள் எதையோ விற்றுவிட்டார்கள் என்ற ஒரு தொனி அதில் இருந்தது. அவர்கள் கையில் விற்பதற்கு அந்த வழக்கு இருந்ததே இல்லை. இரண்டாவது, பணம் வந்தால் கணக்குத் தீர்ந்தது என்ற நினைப்பு. தீரவில்லை. துப்பாக்கிச் சூடு எப்படி நடந்தது, எச்சரிக்கை கொடுத்தார்களா இல்லையா என்று சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை. அந்த ஏடு வெறுமையாகவே இருக்கிறது.

ஆனால் இரண்டாவது பணத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. அது கருணை இல்லை. உங்கள் படகுக்கு அந்தக் கடலில் போக உரிமை இருந்தது, அதை மீறினார்கள், அதனால் தர வேண்டும் என்று ஒரு சர்வதேச மன்றம் எழுதிக்கொடுத்து வந்த பணம். கொள்ளையர் படகுக்கு யாரும் அப்படி எழுதித் தர மாட்டார்கள். விசாரணை நடக்காத இந்தக் கதையில், இறந்த இருவரின் பெயரைச் சுத்தமாக்கிய ஒரே காகிதம் அதுதான். அதனால் இனி இப்படி ஏதாவது செய்தி வரும்போது எத்தனை கோடி என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் பெயரில் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

படகில் போகும் என் மாணவர்களுக்கு ஒரு விஷயம் தனியாக. அன்றைக்கு அந்தப் படகில் உயிர் தப்பிய மற்ற மீனவர்களுக்கு 2021 பங்கீட்டில் எதுவும் ஒதுக்கவில்லை. அவர்களும் குண்டுக்கு நடுவில் கிடந்தவர்கள்தான். அவர்கள் நீதிமன்றம் போய்க் கேட்ட பிறகு, 2022 நவம்பரில், உரிமையாளரின் 2 கோடியில் இருந்து 9 மீனவர்களுக்குத் தலா 5 லட்சம், மீதி 1 கோடியே 55 லட்சம் உரிமையாளருக்கு என்று உத்தரவானது. பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. படகில் இருந்தோம் என்று காட்டக் காகிதம் வேண்டும், மக்களே. மீனவர் அடையாள அட்டை, நல வாரியப் பதிவு, தங்கலுக்குப் போகும்முன் யார் யார் ஏறினார்கள் என்ற பட்டியல், அதில் ஒரு நகல் கரையில் வீட்டுக்காரியிடம். வகுப்பில் "ஆதாரம் இல்லாமல் வரலாறு இல்லை" என்று நான் போர்டில் எழுதிப் போடுவது ஞாபகம் இருக்கும். ஆதாரம் இல்லாமல் நஷ்டஈடும் இல்லை.

தம்பி, அன்றைக்கு உன்னை "இரிடே" என்று சொன்னது தெரியாததை மறைக்கத்தான். நீ இதை எந்தக் கடலில் இருந்து வாசிக்கிறாயோ தெரியாது. சிக்னல் கிடைக்கும்போது வாசி. பதிலில் ஓட்டை இருந்தால் மறுபடியும் எழுந்து நின்று கேள். இந்தத் தடவை உட்காரச் சொல்ல மாட்டேன்.

மற்றவர்களும் உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். நீதிமன்றத்தில் வேலை செய்யும் என் மாணவர்கள் சட்ட விஷயத்தில் நான் தவறியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். எல்லோரும் நன்றாக இருங்கள். கடலுக்குப் போகிறவர்கள் பத்திரமாகக் கரை சேருங்கள்.